சி கம்பெனியின் இரண்டாவது கேப்டன்

பெல்ஃபோர்டு, இந்தியானா
9 ஜனவரி 1887

அன்புள்ள லெமுவேல் மாமாவுக்கு,

நீங்கள் கண்ணால் கண்டிராத அக்கா மகள் ட்ரூசில்லா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, பூனை எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான். அங்கே நெப்ராஸ்காவில் நீங்களும் உங்கள் சோளமும் சுகமா?

எனக்குப் பதினைந்து வயது. பாதிரியாரின் நாற்காலியில் பசை தடவியது யார் என்ற கேள்விக்கு ஊரே என் பெயரைச் சொன்னதால், எனக்கு ஒரு தண்டனை கிடைத்திருக்கிறது. உள்நாட்டுப் போரில் நம் ஊர்ப் படை என்னவெல்லாம் செய்தது என்று ஒரு புத்தகம் வருகிறது. பழைய வீரர்கள் சங்கம் அப்பாவை அதற்கு ஆசிரியராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் அப்பாவால் வேகமாக எழுத முடியாது. (கேட்டன் குன்றின்மேல் பாய்ந்தபோது போன விரல்கள். ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதியும் மேடையேறி அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார், ஊர் கைதட்டும்.) ஆகவே அச்சுக்குப் போகும் பிரதியை எழுதுகிற கை என் கை.

புத்தகம் எழுதும் முறையைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் (படையின் சிறு பிரிவுக்கு அப்படிப் பெயர்) அத்தியாயத்தையும் அந்தக் கம்பெனிக்காரர்கள் கூடி உட்கார்ந்து, வாசிக்கக் கேட்டு, கை தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். கை தூக்கினால் நடந்தது. தூக்காவிட்டால் நடக்கவில்லை. கேப்டனையும் சமையல்காரனையும் அன்றைக்கு இப்படித்தான் தேர்ந்தெடுத்தார்களாம். அந்தப் பழக்கம் விடவில்லை. மாமா, இது வரலாறு இல்லை, வராத ஆறு.

இப்போது விஷயம். சி கம்பெனியின் கேப்டன்கள் பட்டியலில், "முதல் கேப்டன் பிளேக், வயிற்றுக்கடுப்பில் இறந்தார்" என்று இருக்கிறது. அடுத்த வரி, "மூன்றாவது கேப்டன் ஹோல்கம்ப்." நான் கேட்டேன்:

"அப்பா, ரெண்டாவது ஆளு எங்க? சூப்புல விழுந்துட்டாரா?"

"எண்ணிக்கையில தப்பு. மாத்தி எழுது."

அப்பா மருந்துக்கடைக்காரர். குன்றிமணி அளவு தப்பினாலும் தூக்கம் வராத மனிதர். அவர் எண்ணிக்கையில் தப்பா? சமையலறையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா உருளைக்கட்டையை நிறுத்தவில்லை. "ரெண்டாவது என் தம்பி" என்றாள். பிறகு உங்கள் முகவரியைச் சொன்னாள். அவ்வளவுதான்.

நீங்கள் கேப்டனா மாமா? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் போதும், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். பதில் போடுங்கள் என்று நான் சொல்கிறேன்.

உங்கள்,
ட்ரூசில்லா சேயர்


ஆர்லியா, நெப்ராஸ்கா
2 பிப்ரவரி 1887

அன்புள்ள ட்ரூசில்லாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். என் அக்காவும் நீயும் உன் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

பனி கூரைவரை வந்துவிட்டது. என் வீடு மண்ணை வெட்டி அடுக்கிய வீடு என்பதால் உள்ளே கதகதப்புதான். ஆனால் பனி உருகினால் அடுப்பிலேயே சொட்டும். விறகு கிடையாது. சோளத்தட்டையும் மாட்டுச்சாண வறட்டியும் எரிக்கிறேன். கோவேறு கழுதைக்கு முழங்காலில் வீக்கம், இப்போது தேவலை. அதன் பெயர் கர்னல். சொன்ன பேச்சை அது கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்.

புத்தகத்துக்கு வேண்டியது என்னிடம் எதுவும் இல்லை. உன் அப்பா எண்ணிக்கையில் தப்பு என்றால் தப்புதான்.

அக்காவுக்கு என் அன்பு.

லெமுவேல் ப்ரூவிட்


பெல்ஃபோர்டு
20 பிப்ரவரி 1887

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம், கழுதையின் முழங்காலும் நலமாக வாழ்த்துகிறேன். அதைப் பற்றி நீங்கள் எழுதிய அளவுக்கு உங்களைப் பற்றி எழுதியிருந்தால் எனக்கு இந்தத் தலைவலி இருக்காது.

போன சனிக்கிழமை சி கம்பெனிக் கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. காப்பி கொடுக்கும் சாக்கில் முழுவதும் கேட்டேன். கேட்டன் குன்று அன்று மழை பெய்ததா என்று ஒரு மணி நேரம் சண்டை.

"மழையா? என் காலணிக்குள்ள மீன் நீந்திச்சு!"

"உன் காலணியா? உனக்கு அன்னிக்கு காலணியே கிடையாதே, பாவி!"

"சரி, காலுக்குள்ள நீந்திச்சுன்னு எழுதிக்கோ."

தலைமை வகித்த கர்னல் க்ரோல் மேசையைத் தட்டினார். முழுப் படைக்கும் அவர்தான் அன்றைக்குத் தளபதி, இன்றைக்குச் சங்கத் தலைவர். குரல் மட்டும் இன்னும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறது. "மழைன்னு சொல்றவங்க கை தூக்குங்க!" மழை ஜெயித்தது. பிறகு பீச் மரங்கள் பூத்திருந்தனவா என்று ஒரு வாக்கெடுப்பு. ஜூலை மாதத்தில் பீச் பூக்காது என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பூக்கள் பெரும்பான்மையில் பூத்துவிட்டன. தீர்மானம் போட்டுப் போட்டே இவர்களுக்கு மானம் தீர்ந்துவிடும் மாமா.

கடைசியில் நான் காப்பித் தட்டோடு நின்று, "ரெண்டாவது கேப்டன் யாருன்னு ஒரு கை தூக்கிடுங்களேன், எழுதிக்கிறேன்" என்றேன்.

அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல். ரொட்டிக்கடை ஈனோக் டார் கரண்டியைத் தவறவிட்டு, அதைத் தேட மேசைக்கடியில் போனவர் வெளியே வரவே இல்லை. கர்னல் மட்டும், "அந்தப் பேரு இந்தப் புத்தகத்துல வராது, பொண்ணே. என் படையில கோழைங்களுக்கு அத்தியாயம் கிடையாது" என்றார். அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கோழையா மாமா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள், விட்டுவிடுகிறேன். எனக்குக்கூட இடியைக் கண்டால் பயம்தான். ஆனால் உங்கள் அக்கா பட்டியலில் அந்த விட்டுப்போன இடத்தைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். பார்க்கவில்லை என்பதுபோல் பார்க்கிறாள். புத்தகம் ஆகஸ்ட் மாதப் பொதுக்கூட்டத்துக்குப் பின் அச்சுக்குப் போய்விடும். போனபின் நீங்கள் இந்த ஊரில் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். தயவுசெய்து ஏதாவது எழுதுங்கள். கழுதையைத் தவிர.

பொறுமை இழந்த அன்புடன்,
ட்ரூ


ஆர்லியா
14 மார்ச் 1887

அன்புள்ள ட்ரூசில்லாவுக்கு,

நலம். நலமே வேண்டுவது. கழுதையைப் பற்றி எழுதவேண்டாம் என்றாய். பசு கன்று போட்டிருக்கிறது. காளைக்கன்று.

அன்று மழை பெய்யவில்லை. வெயில். துப்பாக்கிக் குழலைத் தொட்டால் கை பொசுங்கும். வேறு ஒன்றுமில்லை.

உன் அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டுத் துளைக்காதே. அவன் நல்லவன்.

பி கம்பெனியில் ரூஃபஸ் விக் என்று ஒருவன் இருந்தான். இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறானா? சும்மா கேட்டேன்.

லெமுவேல்


பெல்ஃபோர்டு
3 ஏப்ரல் 1887

அன்புள்ள மாமாவுக்கு,

கன்றுக்குட்டிக்கு வாழ்த்துகள். அம்மாவுக்குச் சளி; உங்கள் கடிதம் வந்த அன்று தேவலையாகிவிட்டது.

முதலில் உங்கள் சும்மா கேள்வி. ரூஃபஸ் விக் இருக்கிறார். ஆற்றில் படகு விடுகிறார்; அக்கரைக்குப் போகிறவர்களிடம் "ஏறு", "இறங்கு" என்ற இரண்டு சொல்லோடு சரி. அவருடைய இரண்டு தம்பிகளும் அந்தக் குன்றில்தான் போனார்கள் என்று அம்மா சொல்கிறாள். பி கம்பெனியில் இந்த ஊரில் மிஞ்சியது அவர் ஒருவர்தான் என்பதால் பி கம்பெனிக் கூட்டம் என்றால் அவர் ஒருவர்தான். அப்பா எதிரில் உட்கார்ந்து அத்தியாயத்தை வாசிப்பார். "எங்கள் இடப்பக்கத்தில் சி கம்பெனி தோளோடு தோள் சேர்ந்து ஏறியது" என்ற வரி வந்ததும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கை தூக்குவதில்லை. மூன்று தடவை ஆகிவிட்டது. இப்படி ஒரு பிடிவாதமா என்று எனக்குக் கோபம்.

இப்போது பெரிய விஷயம். மேசைக்கடியில் போன ஈனோக் டாரை அவர் கடையிலேயே பிடித்தேன். அடுப்பில் ரொட்டி இருந்ததால் ஓட வழியில்லை.

"டார் ஐயா, எங்க மாமா என்ன செஞ்சாரு?"

"வேணாம் கண்ணு. ஒரு பன் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

"சொல்லலைன்னா உங்க கடை ரொட்டியில பல்லி கிடந்துச்சுன்னு ஒரு தீர்மானம் போடுவேன். என் கிளாஸ்ல இருபது பேரு கை தூக்குவாங்க."

"அடிப்பாவி! பல்லி எங்க இருந்துச்சு?"

"காலணிக்குள்ள மீன் எங்க இருந்துச்சோ அங்கதான்."

அவர் சிரிக்கவில்லை. மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். இரண்டு முறை ஏறிப் பார்த்து விழுந்தபின், சரிவில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் எல்லோரும் படுத்துக் கிடந்தீர்களாம். மூன்றாம் முறை ஏறச் சொல்லி கர்னலின் கட்டளை வந்ததாம்.

"உங்க மாமன் எங்களைத் திரும்பிப் பாத்தான். ஒரு வாரம் முன்னாடிதான் கை தூக்கி அவனைக் கேப்டன் ஆக்கியிருந்தோம். 'ஏறலாம்ங்கிறவன் கை தூக்குங்கடா'ன்னான். சமையலுக்கு உருளைக்கிழங்கா அவரைக்காயான்னு கேக்கிற மாதிரி."

"யாரு தூக்கினா?"

"ஒரே ஒரு கை. மரத்துக்கு மேல தூக்கிட்டான், மடையன். ரெண்டு விரலைக் குண்டு கொண்டுபோயிருச்சு."

மாமா, எனக்கு ரொட்டி வாசனையே பிடிக்காமல் போய்விட்டது. ஜூலை நாலாம் தேதி நான் எத்தனை தடவை கைதட்டியிருக்கிறேன்!

இருட்டும்வரை அங்கேயே கிடந்து உயிரோடு இறங்கினீர்கள். கர்னல் கேட்டபோது நீங்கள், "அவங்க போறேன்னாங்க, நான்தான் தடுத்தேன்" என்று சொல்லிப் பதவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டீர்கள். அத்தனை பேரும் பக்கத்தில் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது தாடி வளர்த்து மழைக்கும் பீச் பூவுக்கும் கை தூக்குகிறார்கள்.

இது நிஜம்தானே? ஒரே ஒரு வரி எழுதுங்கள். நான் அப்பாவிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

ட்ரூ


பெல்ஃபோர்டு
22 மே 1887

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா என்று கேட்கும் மரியாதைகூட எனக்குத் தீர்ந்துவருகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறார். ரயில் கவிழ்ந்ததா, பேனா உடைந்ததா, கன்றுக்குட்டி காகிதத்தைத் தின்றுவிட்டதா? கர்னல் என்ற அந்தக் கழுதைக்கு எழுதத் தெரிந்தால் அதுவாவது பதில் போட்டிருக்கும்.

அம்மா கேட்கச் சொன்னாள்: உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ட்ரூ


ஆர்லியா
19 ஜூன் 1887

ட்ரூசில்லாவுக்கு,

நலம் என்று அக்காவிடம் சொல். ஆலங்கட்டி மழையில் சோளம் பாதி போயிற்று. பாதி இருக்கிறது.

ஈனோக்குக்கு வாய் அன்றைக்கும் நீளம்தான். அவன் சொன்னதை நீ மறந்துவிடு. உனக்கு இது விளையாட்டு. அவர்கள் எல்லோரும் அந்த ஊரில் கடை வைத்திருக்கிறார்கள், கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு கழுதைதான் இருக்கிறது. அது என்னை ஏற்கெனவே மதிப்பதில்லை. கேட்டன் குன்றில் சி கம்பெனி ஏறியது என்றே இருக்கட்டும். என்னை நல்லவனாக்கி ஒரு வரிகூட நீ எழுதக் கூடாது. இது வேண்டுகோள் இல்லை, கட்டளை.

நீ முன்பு எழுதியதில், ரூஃபஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றாய். போகும்போது ஏதாவது சொல்வானா?

லெமுவேல்


பெல்ஃபோர்டு
11 ஜூலை 1887

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் ஜூலை நாலாம் தேதி அப்பா மேடையேறினார், ஊர் கைதட்டியது, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். கையைச் சீக்கிரமே இறக்கிவிட்டார். 

ரூஃபஸ் விக் போகும்போது ஒன்றும் சொல்வதில்லை. எதற்கு அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? நான் உங்களைப் பற்றிக் கேட்டால் நீங்கள் படகோட்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள். இரண்டு செவிடர்கள் கடிதம் எழுதிக்கொள்வது மாதிரி இருக்கிறது.

உங்கள் கட்டளையை வாசித்தேன். நீங்கள் முன்னாள் கேப்டன், நான் கீழ்ப்படிகிறேன். உங்களை நல்லவனாக்கி ஒரு வரிகூட எழுதமாட்டேன். சத்தியம்.

அடுத்த மாதம் பொதுக்கூட்டம். அப்பா எப்போதும் போல என் பிரதியை முன்கூட்டிப் பார்க்காமல்தான் வாசிப்பார். என் கையெழுத்து அவ்வளவு அழகு.

கீழ்ப்படிதலுள்ள,
ட்ரூ


பெல்ஃபோர்டு
28 ஆகஸ்ட் 1887

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? கோபமாக இருப்பீர்கள். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நேற்று நகர மண்டபத்தில் பொதுக்கூட்டம். எல்லாக் கம்பெனிக்காரர்களும், மனைவி பிள்ளைகளும், வறுத்த கோழியும். சி கம்பெனி அத்தியாயம் வந்ததும் அப்பா எழுந்து கம்பீரமாக வாசித்தார். நான் எழுதியது இது:

"மூன்றாம் முறை கட்டளை வந்தபோது சி கம்பெனி வீரர்கள் சிங்கங்களாய்த் துடித்தனர். ஆனால் அவர்களின் இரண்டாவது கேப்டன் லெமுவேல் ப்ரூவிட், குழந்தையைப்போல் அழுதுகொண்டு மரத்தைக் கட்டிப் பிடித்து, அவர்கள் காலில் விழுந்து கெஞ்சித் தடுத்தான்."

உங்களை நல்லவனாக்கவில்லை, பார்த்தீர்களா.

'கெஞ்சி' வரை அப்பா வேகத்தில் போய்விட்டார். பிறகு நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுதமாட்டேன். கர்னலுக்கோ ஆனந்தம்.

"அருமை! நானே இவ்வளவு தெளிவா சொல்லியிருக்க மாட்டேன். பேரு வரக் கூடாதுன்னு சொன்னேன், இப்படி வர்றதுன்னா வரட்டும். சி கம்பெனி, ஒப்புக்கொள்றவங்க கை தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை.

"என்னப்பா? கோழி எண்ணெய் கையில ஒட்டிக்கிச்சா? தூக்குங்க!"

விசிறிகள்கூட நின்றுவிட்டன. மழைக்குத் தூக்கினார்கள், பூவுக்குத் தூக்கினார்கள், இதற்கு முடியவில்லை. ஈனோக் டார் உட்கார்ந்தபடியே, "அவன் அழல" என்றார்.

"என்ன?"

"லெம் அழல, கர்னல் ஐயா. கேட்டான்."

"என்னத்தைக் கேட்டான்?"

"ஏறலாமான்னு."

"யாரை?"

"எங்களைத்தான். நாங்கதான் மாட்டோம்னுட்டோம்."

கர்னலின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தமாஷ் வரவில்லை மாமா. "என் கட்டளைக்கு... வாக்கெடுப்பா?" என்றார். கிழவர் அதை மூன்று தடவை சொன்னார்.

அப்போது அப்பா காகிதங்களைக் கீழே வைத்தார். "ஒரு ஓட்டு உங்களுக்கு விழுந்துச்சு, கர்னல் ஐயா. என்னோடது" என்று கையைத் தூக்கினார். "மத்தவங்க தூக்கியிருந்தா இந்த மண்டபத்துல பாதி நாற்காலி காலி. என்னோட நாற்காலியும்தான். இருபத்தி நாலு வருஷமா இந்தக் கைக்குத் தட்டினீங்க. நான் ஏறல. ஒருத்தரும் ஏறல. லெம்முதான் எல்லார் தலைக்கும் பதிலா அவன் தலையைக் கொடுத்தான்."

அம்மா எழுந்து அப்பா பக்கத்தில் போய் நின்றாள்.

உடனே கர்னல், இன்று மாலை இந்த மண்டபத்தில் பேசப்பட்ட எதுவும் பேசப்படவில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மெய்யாகத்தான்! "எதிர்க்கிறவங்க?" என்றதும் சி கம்பெனி மொத்தமும் கை தூக்கியது. ஒருத்தர் இரண்டு கையும் தூக்கினார். ஒன்று செல்லாது என்று சொன்னார்கள்.

ஒரே ஆரவாரம். அதற்கு நடுவில்தான் பின்வரிசையில் ரூஃபஸ் விக் எழுந்து நின்றார். எல்லோரும் அடங்கினார்கள்.

"எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா, நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்தேன். இப்போது தெரியவில்லை.

ட்ரூ


பெல்ஃபோர்டு
30 ஆகஸ்ட் 1887

லெம்முக்கு,

நான் நலம். உன் அக்கா நலம். உன் நலத்தை இருபத்தி நாலு வருஷமாக நான் கேட்காதது எனக்குத் தெரியும்.

என் மகள் செய்த காரியத்துக்கு அவளை ஒரு மாதம் வீட்டில் அடைத்து வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் என்னை அடைக்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது. அன்றைக்கு எங்களைக் கேட்காமலே பழியை நீயாக எடுத்துக்கொண்டாய். அதற்கும் ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் நான் கை தூக்கியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. தெரியாமல் வாழ்வது எவ்வளவு சள்ளை, தெரியுமா?

அத்தியாயத்தை மறுபடி எழுதுகிறேன். உன் பெயர் அதன் இடத்தில் இருக்கிறது. உன் சம்மதம் கேட்கப்போவதில்லை. வேண்டாம் என்று எழுதி தபால்தலையை வீணாக்காதே.

ஜோத்தாம் சேயர்

எழுதியது இடது கையால். மகளிடம் கொடுக்க விரும்பவில்லை.


ஆர்லியா
12 செப்டம்பர் 1887

ட்ரூசில்லாவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. உன் அப்பாவுக்குத் தனியாக எழுதுகிறேன். அது எழுத நாளாகும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். விளையாடாமல் பதில் சொல்.

ரூஃபஸ் அதைச் சொன்னபோது யாரைப் பார்த்துச் சொன்னான்? கர்னலையா? அல்லது எங்கள் ஆட்களையா?

நீ கேட்ட ஒரு வரியை இப்போது எழுதுகிறேன். பி கம்பெனி ஏறும்போது அவர்கள் இடப்பக்கத்தில் நாங்கள் இருந்திருக்க வேண்டும். இருப்போம் என்று நம்பித்தான் ஏறினார்கள். என் ஆட்களைக் கேட்டேன். கேட்டு முடித்ததும் தலையைத் தரையில் வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கம்பெனிக்கு ஓர் ஆளை அனுப்பி, நாங்கள் வரவில்லை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம். தலையைத் தூக்கியபோது அவர்கள் ஏறிப் போய்விட்டிருந்தார்கள்.

என் பெயர் புத்தகத்தில் வேண்டாம் என்றது ஈனோக்கின் பிள்ளைகளுக்காக என்று நினைத்தாயா? நீ நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

யாரைப் பார்த்துச் சொன்னான்? வேடிக்கைக்குக்கூட மாற்றாமல் எழுது.

மாமா


பெல்ஃபோர்டு
25 செப்டம்பர் 1887

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். விளையாடவில்லை.

அவர் யாரைப் பார்த்தார் என்று நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் நான், அந்தச் சமயம் கர்னலின் மூஞ்சியைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஒரு பதிலை இட்டுக்கட்டி எழுதிவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை. அதனால் படகுத்துறைக்குப் போய் அவரிடமே கேட்டேன்.

"யாரைப் பாத்துச் சொன்னீங்க?"

"ஏன்? லெம் கேட்டானா?"

"ஆமா."

உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். மன்னியுங்கள், வாயால் சொன்னால் நான் ஏதாவது சேர்த்துவிடுவேன் என்று பயம். அவர் நின்றபடியே வாசித்தார். அக்கரையிலிருந்து ஓர் ஆள் கத்திக் கத்திக் கூப்பிட்டார். இவர் திரும்பவே இல்லை. வாசித்து முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"கூப்பிடு தூரம்தான்னு அவனே எழுதியிருக்கானா?"

"அதுல இருக்கே."

"சரி" என்றார். படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அக்கரை ஆள் இப்போது கெட்ட வார்த்தையில் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

இன்று காலை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றார். அம்மா ரொட்டியும் இறைச்சியும் கட்டிக் கொடுத்தாள். நெப்ராஸ்காவுக்கு எத்தனை ரயில் மாற வேண்டும் என்று அப்பா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று பேரும் ரயில் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். பெரியவர்களோடு இதுதான் தொல்லை. நான்தான் கேட்டேன்.

"ஐயா, அடிக்கப் போறீங்களா, அணைக்கப் போறீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாகவே யோசித்தார்.

"தெரியல பொண்ணே. அவன் முன்னாடி போய் நின்னாத்தான் தெரியும்."

ரயில் இன்னும் வரவில்லை, நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; இந்தக் கடிதமும் அவரும் ஒரே ரயிலில் வருகிறார்கள். எது முதலில் வந்து சேருமோ தெரியாது. அவருக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் நின்று பேசுங்கள். கதவு தட்டும் சத்தம் வந்தால், காற்று என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

உங்கள்,
ட்ரூ